தாயின் அறியாமை என்னும் ஆய்வுத் தலைப்பு

இந்தியாவின் மனையியல் துறைகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும் சமூக மருத்துவத் துறைகளிலும் ஆண்டுதோறும் ஒரே ஆய்வேடு திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஊரின் பெயர் மாறும். நெறியாளரின் பெயர் மாறும். தலைப்பு மாறாது: 'ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மார்களிடையே இணை உணவு குறித்த அறிவு, மனப்பான்மை, நடைமுறை'. முடிவுரையும் மாறாது. தாய்மார்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை. ஆகவே அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்.

இதற்குக் கிளை வடிவம் ஒன்றும் உண்டு. தாய்மார்களிடம் முதலில் ஒரு வினாத்தாள். பின்னர்ப் பட அட்டைகளுடன் ஒரு வகுப்பு. சில நாள் கழித்து மீண்டும் அதே வினாத்தாள். மதிப்பெண் உயர்ந்திருக்கும். விடையைச் சொல்லிக்கொடுத்து அதே வினாவைக் கேட்டால் உயராமல் எப்படி இருக்கும்? இடைப்பட்ட நாள்களில் குழந்தையின் கிண்ணத்தில் என்ன மாறியது என்பதை அந்த ஆய்வேட்டின் எந்த அட்டவணையும் சொல்வதில்லை. அளக்கப்பட்டது தாயின் நினைவாற்றல். அறிவிக்கப்படுவதோ தலையீட்டின் வெற்றி.

இது வெறும் ஆய்வுமுறைக் குறை என்றால் தேர்வுக்குழுவின் பொறுப்பில் விட்டுவிடலாம். ஆனால் இந்த முடிவுரைதான் கொள்கை அறிக்கைகளின் முன்னுரையாக மறுபிறவி எடுக்கிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திட அல்லது குழைவான உணவும் பெறுவோர் 45.9 விழுக்காடு. ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 11.3 விழுக்காடு மட்டுமே. முந்தைய ஆய்வில் (2015–16) அது 9.6. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கின்றனர். ஆறு முதல் ஐம்பத்தொன்பது மாதக் குழந்தைகளிடையே இரத்தசோகை 58.6 விழுக்காட்டிலிருந்து 67.1 விழுக்காடாக ஏறியிருக்கிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குப் போதிய உணவு கிட்டாத ஒரு நாட்டில், பத்தில் ஒன்பது தாய்மாரும் அறியாதவர்கள் என்று ஒரு கல்விப்புலம் நம்புமாயின், பரிசோதிக்கப்பட வேண்டியது அந்த நம்பிக்கையே.

தாய்மார்கள் சொல்லும் கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் அறியாமையைவிடக் கூர்மையான அவதானிப்பே மிகுதி என்பது விளங்கும்.

முதற்கவலை: 'ஊட்டினால் துப்புகிறது.' நாவின் முன்பகுதியைத் தொடும் எதையும் வெளியே தள்ளும் அனிச்சைச் செயலோடுதான் குழந்தை பிறக்கிறது. நான்கு முதல் ஆறு மாதங்களில் அது படிப்படியாக மறைகிறது. அதன் பின்னரும் புதிய சுவை ஒன்றை ஏற்க எட்டுப் பத்து முறை ஊட்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று உணவு நடத்தை ஆய்வுகள் சொல்கின்றன. எனவே, 'பொறுமையாக மீண்டும் முயலுங்கள்' என்கிறது கையேடு. அறிவுரை சரி. ஆனால் பத்து முறை மறுக்கப்படும் உணவு, பத்து முறை வாங்கிச் சமைக்கப்பட்ட உணவு. அதைக் கொட்டும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை. மறுத்த கீரையை விடுத்து, குழந்தை மறுக்காத வெறும் சோற்றுக்கும் பிஸ்கட்டுக்கும் திரும்பும் தாய், இருக்கும் சில்லறைக்குள் கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கு வினாத்தாளில் 'தவறான நடைமுறை' என்று குறிக்கப்படுகிறது.

இரண்டாவது: 'தொண்டையில் சிக்கிவிடுமோ?' குழந்தை ஓங்கரிப்பது மூச்சடைப்பு அன்று. மூச்சடைப்பைத் தடுக்கும் காவல். இதை எவரேனும் ஒருவர் அருகமர்ந்து காட்டிக்கொடுத்தால் பெரும்பாலான அச்சம் தணியும். காட்டிக்கொடுக்க ஆள் இல்லாதபோது உணவு நீர்க்கப்படுகிறது. வட இந்தியாவில் 'தால் கா பானி' எனப்படும் பருப்புத் தண்ணீர், வங்கத்திலும் தெற்கிலும் சோற்றுக் கஞ்சியின் தெளிவு. பருப்பின் நிறமும் மணமும் நீரில் இறங்குகின்றன. பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ முப்பது கிராம்தான் கொள்ளும். ஏழு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு இருநூறு மில்லி. அந்தச் சிறு பையைத் தண்ணீரால் நிரப்பினால் உணவுக்கு இடமிராது. தாய்ப்பாலுக்கு மேலாக ஆறு முதல் எட்டு மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதங்களில் 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் தேவை என்பது உலகச் சுகாதார அமைப்பின் கணக்கு.

இதற்கு இந்திய ஆய்வகங்களே விடை கண்டிருக்கின்றன. தானியத்தை முளைகட்டி உலர்த்தி மாவாக்கினால், மாவுச்சத்தை உடைக்கும் நொதி அதில் பெருகுகிறது. கெட்டியான கஞ்சியில் அம்மாவைச் சிறிதளவு கலந்தாலே, சத்து குறையாமல் கஞ்சி இளகிவிடும். மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்திலும் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் 1980களில் இது விரிவாக ஆராயப்பட்டது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைக்கும் வழக்கம் கர்நாடக, தமிழகக் கிராமங்களுக்குப் புதிதும் அன்று. அறிவு இருக்கிறது. இல்லாதது அதற்கு வேண்டிய மூன்று நான்கு நாள்களின் கைவேலை நேரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவது பதிவாயிற்று. அந்த 299 நிமிடங்களின் மேல்தான் 'முளைகட்டுங்கள்' என்ற அறிவுரையும் ஏற்றப்படுகிறது.

மூன்றாவது: 'சோறு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வயிற்றுப்போக்கு.' இதைப் பழங்கால அச்சம் என்று ஒதுக்கும் ஆய்வேடுகள் உண்டு. உண்மையில் வயிற்றுப்போக்கு உச்சம் தொடும் பருவமே ஆறு முதல் பதினொரு மாதம். தாய்ப்பாலில் இல்லாத கிருமி, நீரின் வழியும் கிண்ணத்தின் வழியும் முதன்முதலாக உள்ளே நுழையும் காலம் அது. தாய் கண்டது சரி. அதிலிருந்து உணவையே தள்ளிப்போட வேண்டும் என்று அவள் முடிவெடுத்தால் அதுதான் பிழை. காலையில் ஒரே முறை அடுப்பு மூட்டி, அந்த உணவையே மாலைவரை வைத்திருந்து ஊட்டும் வீட்டில், 'ஒவ்வொரு வேளையும் புதிதாகச் சமையுங்கள்' என்பதன் பொருள் என்ன? இன்னும் இரண்டு முறை விறகு அல்லது எரிவாயு. இன்னும் இரண்டு முறை சுத்தமான நீர். அவற்றுக்கெல்லாம் மேலாக, பகல்பொழுதில் வீட்டில் ஓர் ஆள்.

நான்காவது: 'பால் மட்டும் போதாதா?' இக்கேள்வியின் பின்னே உள்ள தயக்கத்துக்குக் கல்விப்புலமும் பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதம் முழுதும் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரை உலக அளவில் 2001இல்தான் உறுதியானது. அதற்கு முன் நான்கு முதல் ஆறு மாதம் என்றே அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது. இன்றைய பாட்டிமார் பலர் சொல்லும் 'நாலாம் மாசக் கணக்கு', அன்று அவர்களுக்கு அரசுச் செவிலியர் சொன்னது. நேற்றைய அறிவியலை நினைவில் வைத்திருப்பவருக்கு இன்று அறியாமைப் பட்டம். அதே வேளை, வங்கத்தின் 'முகே பாத்', கேரளத்தின் சோறூணு, நாடெங்கும் வழங்கும் அன்னப்பிராசனம் ஆகியவை முதல் சோற்றுக்கு ஆறாம் மாதத்தையே பெரும்பாலும் சுட்டுகின்றன. மனுஸ்மிருதியும் ஆறாம் மாதத்தையே சொல்கிறது. எப்போது தொடங்குவது என்பதில் மரபுக்கும் மருத்துவத்துக்கும் பெரிய பகையில்லை. சடங்கு நாளில் ஒரு பருக்கை சோறு நாவில் படுகிறது. மறுநாள் முதல் நாள்தோறும் யார் ஊட்டுவது என்பதைச் சடங்கும் சொல்லவில்லை, அரசும் சொல்லவில்லை. பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்தின் இருப்பு ஆறாம் மாதத்தையொட்டித் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. தயக்கத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் இரத்தசோகைக் கணக்கில் ஏறுகிறது.

இந்த ஆறாம் மாதத்தைத் தொழிலாளர் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்புத் தந்தது. அதில் எட்டு வாரத்தைப் பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொண்டால், பின்னர் எஞ்சுவது பதினெட்டு வாரம். நான்கு மாதத்துக்குச் சற்றே மேல். முழுவதையும் பேற்றுக்குப் பின் எடுத்தாலும், கிண்ணமும் கரண்டியும் கைக்கு வரவேண்டிய அந்த வாரத்தில் விடுப்பு முடிகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது அதே சட்டம். அதைக் கேட்டுப் பெறும் வலு எத்தனை பேருக்கு உண்டு? வயலிலும் செங்கற்சூளையிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்யும் பெரும்பான்மைப் பெண்களுக்கு இந்தச் சட்டமே எட்டவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) ஒவ்வொரு தாய்க்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவியை உரிமையாக்கியது. அதை நிறைவேற்ற 2017இல் வந்த மத்திய அரசின் திட்டமோ, முதல் குழந்தைக்கு மட்டும், ஐயாயிரம் ரூபாய் என்று சுருக்கிக்கொண்டது.

அங்கன்வாடியின் கதையும் இதுவே. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் 1975இல் தொடங்கின. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரும் உணவை உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) சட்டப்படியான உரிமையாக்கியது. ஆனால் அங்கன்வாடியில் அமர்ந்து உண்பது மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை. அதற்கு இளைய குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொட்டலம். மிகுதியான கவனிப்பு வேண்டிய வயதுக்குத்தான் அமர இடமில்லை. அந்தப் பொட்டலத்துக்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்ட செலவு, குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய். ஒரு முட்டை வாங்கினால் பருப்புக்கு மிஞ்சுவது சில்லறை. அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே ஆணையிட்டது. அந்த ஆணை எந்த மாவட்டத்தில் எப்படி நிறைவேறியது என்பதை ஆராயும் ஆய்வேடுகள் எத்தனை? தாய்மார்களின் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டால் விரல்விட்டு எண்ணலாம். முட்டையின் நிலையும் அவ்வாறே. 2015இல் மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் முன்மொழிவை அம்மாநில முதலமைச்சரே மறுத்தார். அந்த மாநிலத்துத் தாயிடம் 'முட்டையின் பயன் தெரியுமா' என்று கேட்டு மதிப்பெண் போடுவது எந்த வகை அறிவியல்?

அரசு விட்ட வெற்றிடத்தைச் சந்தை நிரப்புகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. ஆயினும் 'ஒரு தாயின் அனுபவம்' என்ற போர்வையில் சமூக ஊடகக் காணொளிகளில் பொட்டல உணவுகள் உலா வருகின்றன. 2024 ஏப்ரலில் 'பப்ளிக் ஐ' என்ற சுவிட்சர்லாந்து அமைப்பு, நெஸ்லேயின் செரிலாக் வகைகள் குறித்து அறிக்கை வெளியிட்டது: இந்தியாவில் பரிசோதிக்கப்பட்டவற்றில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக ஏறத்தாழ மூன்று கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது, ஐரோப்பியச் சந்தைகளில் விற்கப்படும் ஒத்த பொருள்களில் அது இல்லை. இந்திய விதிகளுக்கு உட்பட்டே விற்கிறோம் என்றது நிறுவனம். சிக்கலே அங்குதான்: விதி அதற்கு இடம் கொடுத்தது. சர்க்கரை சேர்க்காதீர்கள் என்று தாய்க்குப் பாடம் நடத்தும் நாட்டில், சர்க்கரை சேர்ப்பவருக்கு அந்தப் பாடம் கட்டாயமாக இருக்கவில்லை.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இப்பழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சிசு மரணங்களுக்கு ஏழைத் தாய்மாரின் அறியாமையே காரணம் என்று மருத்துவ அதிகாரிகள் எழுதினர். லண்டனின் லாம்பெத் பகுதியில் வாரம் ஒரு பவுண்டு வருமானத்தில் வாழ்ந்த குடும்பங்களின் வரவுசெலவை ஃபேபியன் பெண்கள் குழுவினர் ஆண்டுக்கணக்கில் பதிந்தனர். மாட் பெம்பர் ரீவ்ஸ் அதை 1913இல் நூலாக்கினார். ஓட்ஸ் கஞ்சி காய்ச்சச் சொல்லி வரும் அறிவுரையாளர்களுக்கு அந்நூலில் விடை இருக்கிறது: அந்த வீடுகளில் நல்ல பாத்திரம் இல்லை, பாலும் சர்க்கரையும் இல்லை, அடுப்பருகே நிற்க நேரமும் இல்லை. கேட்ட கேள்வி மாறியதும் கிடைத்த விடை மாறியது. அந்த முறையியலைச் சமூக அறிவியல் துறைகள் பாடமாக நடத்துகின்றன. ஊட்டச்சத்துத் துறைகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. வசதி படைத்த குடும்பங்களிலும் போதிய உணவு பெறும் குழந்தைகளின் விகிதம் மிகக் குறைவே. பணம் இருந்தும் ஊட்டவில்லையென்றால் காரணம் அறியாமைதானே? அந்த வீடுகளில் அறிவுரைக்கு இடமுண்டு என்பது உண்மை. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அங்கும் ஊட்டும் பொறுப்பு ஒரு பெண்ணின் தலைமேல் மட்டுமே இருக்கிறது. கிண்ணத்தில் முட்டையும் மீனும் விழலாமா என்பதை முடிவுசெய்பவர் பெரும்பாலும் அவள் அல்லள். இரண்டு, வசதியுள்ள வீட்டில் எஞ்சும் காரணத்தை வசதியற்ற வீட்டின் முதற்காரணமாக மாற்றிவிட முடியாது. தாயின் கல்வி உயர உயரக் குழந்தையின் உணவு மேம்படுகிறது என்ற புள்ளிவிவரமும் இவ்வாறே தவறாகப் படிக்கப்படுகிறது. கல்வி என்ற மாறிக்குள் வருமானம், சாதி, நீர்வசதி, வீட்டில் வாய்திறக்கும் உரிமை அனைத்தும் ஒளிந்திருக்கின்றன. அதைப் பிரித்தறிவதே புள்ளியியலின் முதற்பாடம்.

அறிவுரையால் பயனே இல்லை என்பதும் இங்கு வாதமன்று. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் பெண்கள் குழுக் கூட்டங்களும் வீட்டு வருகைகளும் நடத்தி, சமவாய்ப்பு முறையில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2017இல் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. சிசு மரணம் குறைந்தது, எடைக்குறைவும் குறைந்தது, ஆனால் குழந்தைகளின் நீள வளர்ச்சியில் மாற்றம் தென்படவில்லை. அதே மாநிலங்களில், குழுக் கூட்டங்களோடும் வீட்டு வருகைகளோடும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான காப்பகங்களும் சேர்க்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் வந்தது. சமவாய்ப்பு ஆய்வு அன்று அது. ஆயினும் மெலிவும் எடைக்குறைவும் குன்றலும் அப்பகுதிகளில் குறைந்ததை அது பதிந்தது. சத்தீஸ்கரின் கனியாரியில் இயங்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சகயோக், காட்டோரக் கிராமங்களில் 'புல்வாரி' என்ற பெயரில் இத்தகைய காப்பகங்களைப் பல ஆண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கிறது. அங்கே ஒரு பெண் கூலி பெற்று, பகல் முழுதும் குழந்தைகளோடு இருந்து, வேளைக்கு வேளை ஊட்டுகிறாள். துப்பினால் மீண்டும் ஊட்டுகிறாள். ஓங்கரித்தால் பதறுவதில்லை. கையேடு கோரும் பொறுமைக்கு அங்கே சம்பளம் இருக்கிறது.

பொறுமையாக, முகம் பார்த்து, பேசி ஊட்டுக என்கின்றன வழிகாட்டிகள். ஒரு வேளைக்கு அரை மணி என்று கொண்டாலும், மூன்று வேளைக்கு ஒன்றரை மணி. சமைக்கவும் கழுவவும் தனி. அந்த நேரத்தை யார் தருவது, அதற்குக் கூலி யார் கொடுப்பது என்று கேட்காத ஆய்வு, குழந்தை உணவைப் பற்றிய ஆய்வு ஆகாது.

ஆகவே அடுத்த கல்வியாண்டில் இத்தலைப்போடு ஒரு மாணவி வரும்போது, நெறியாளர்கள் அவ்வினாத்தாளைத் திருப்பித் தர வேண்டும். 'இணை உணவை எப்போது தொடங்க வேண்டும்?' என்ற வினாவை நீக்கிவிட்டு, வேறு வினாக்கள் எழுதச் சொல்லலாம். காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் குழந்தை யாரிடம் இருக்கிறது? அடுப்பு ஒரு நாளில் எத்தனை முறை எரிகிறது? சென்ற மாதம் அங்கன்வாடிப் பொட்டலம் எந்தத் தேதியில் வந்தது, வீட்டில் எத்தனை பேர் அதைப் பகிர்ந்துகொண்டனர்? நடந்து செல்லும் தொலைவில் காப்பகம் இருக்கிறதா? குழந்தையின் தகப்பன் கடைசியாக எப்போது ஊட்டினான்? விடைகளைத் தொகுத்து மதிப்பெண் போட வேண்டும் என்றால் போடலாம். தாய்க்கு அன்று, மாவட்ட நிர்வாகத்துக்கு.